இன்னொரு கண் பார்க்கட்டும்!



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் வருகின்ற ஊர் எளாவூர். ஆந்திர எல்லை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்த சோதனைச் சாவடியின் காரணமாக லாரி ஓட்டுநர்களுக்கெல்லாம் இவ்வூரின் பெயர் தெரியும். இவ்வூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வாழ்வோரில் பலருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளே சோறு போடுகின்றன. இரும்பு உருக்கும் ஆலையிலும், பாரம் தூக்கும் பணியிலும், இரவு ஷிப்டிலும் உடலைத் தேய்த்துச் சம்பாதிக்கும் மக்கள் அவர்கள்.

அங்கே ஒரு வீட்டை உங்கள் மனக்கண்ணால் பாருங்கள். குடும்பத் தலைவருக்கு 42 வயது. இரண்டு மாதங்களாக இடுப்பு வலி. வலி தொடை வழியாகக் கால் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று. முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அறிக்கை கூறுகிறது. 'உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வந்து சேருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செலவோ லட்சக்கணக்கில். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் கை தானாகவே கழுத்து நகையைத் தொடுகிறது. அடகுக் கடைக்குப் போனால் வட்டி; போகாவிட்டால் கணவரின் கால் என்னவாகுமோ என்ற அச்சம். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தம்பி தொலைபேசியில், "அண்ணே, படத்தை எனக்கு அனுப்புங்கள், இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன்" என்கிறார். அந்தப் பெரிய பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள்.

இது நாம் கற்பனையாகக் காட்டிய குடும்பந்தான். ஆனால் இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது உங்கள் வீடாகவே தோன்றுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். நகையைக் கழற்றுவதற்கு முன், இன்னொரு தகுதியுள்ள மருத்துவரின் கண் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாமா? பார்க்க வைப்பது எப்படி? யாரிடம் கேட்பது? எப்போது கேட்கக் கூடாது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

படத்தைப் படிப்பவரும் மனிதரே

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1971-இல் லண்டன் நகர மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும், அதன் கணக்கியலை வகுத்த கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். காந்தப் புலத்தைக் கொண்டு உடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்காக லாட்டர்பரும் மேன்ஸ்ஃபீல்டும் 2003-இல் அதே பரிசைப் பெற்றார்கள். உடலைக் கீறாமலேயே உள்ளே பார்க்கும் இந்த ஆற்றல் இறைவன் மனிதனுக்கு வழங்கிய பேருதவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு செய்தியை நாம் மறந்துவிடுகிறோம். இயந்திரம் படத்தைத்தான் தருகிறது. 'இது கட்டி', 'இது நரம்பு அழுத்தம்', 'இது பழைய தழும்பு' என்று முடிவு கூறுபவர் ரேடியாலஜிஸ்ட் எனப்படும் கதிரியல் மருத்துவர். அவரும் மனிதர். ஒரே நாளில் பல நோயாளிகளின் ஆயிரக்கணக்கான படங்களை அவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றாடப் பணியில் எழுதப்படும் கதிரியல் அறிக்கைகளில் 100-க்கு 3 முதல் 5 வரை ஏதேனும் பிழை நேர்வதாக மருத்துவ இதழ்களே நெடுங்காலமாக ஒப்புக் கொண்டு வருகின்றன.

2013-இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று வியப்புக்குரியது. நுரையீரல் சி.டி. படங்களில் சிறு முடிச்சுகளைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் கூறினார்கள். அப்படங்களுக்குள் ஒரு மனிதக் குரங்கின் உருவத்தையும் வேண்டுமென்றே பதித்து வைத்தார்கள். அவ்வுருவம் வழக்கமான முடிச்சைப் போல் 48 மடங்கு பெரியது. எனினும் 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை! அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். எதைத் தேடச் சொன்னார்களோ அதையே தேடினார்கள். தேடாத பொருள் கண்ணெதிரே இருந்தும் கருத்தில் படவில்லை. மனிதப் பார்வையின் இயல்பு இது.

மருத்துவர்களைக் குறை கூறுவதற்காக இதை நாம் எழுதவில்லை. நல்ல மருத்துவர்கள் தங்களுக்கு ஐயம் தோன்றும்போது படத்தைத் தம் சக மருத்துவரிடம் காட்டிக் கேட்பதை வழக்கமாகக் கொண்டுள்ளார்கள். மருத்துவர் மருத்துவரிடம் மஷூரா செய்வது தவறில்லை என்றால், நோயாளி கேட்பது மட்டும் அவமதிப்பாகுமா? அறிஞர் அர்-ராஸி, தமக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய கேலனின் மருத்துவத்தின் மீதே தம் ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலாக எழுதினார். கேலன் மீது அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. அந்த மதிப்பு கேள்வி கேட்பதை அவர் தடுக்கவில்லை. அந்த மரபை உடைய நாம் ஓர் அறிக்கையை மறுமுறை பார்க்கச் சொல்வதற்கு ஏன் தயங்க வேண்டும்?

இடைத்தட்டு பிதுங்கினால் அறுவைதானா?

மேலே கண்ட குடும்பத்தின் சிக்கலையே எடுத்துக் கொள்வோம். முதுகுத் தட்டு பிதுக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நடுங்கிப் போகிறோம். ஆனால் 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுவதைக் கேளுங்கள். முதுகுவலி சிறிதும் இல்லாத மனிதர்களுக்கு ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். வலியே இல்லாத 20 வயதினரில் 100-க்கு 30 பேருக்கும், 80 வயதினரில் 100-க்கு 84 பேருக்கும் தட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. தட்டுத் தேய்மானமோ 20 வயதில் 37 பேருக்கும், 80 வயதில் 96 பேருக்கும் இருந்தது. தலைமுடி நரைப்பதைப் போல் முதுகெலும்பும் வயதின் அடையாளத்தைக் காட்டுகிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே, படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதனால் மட்டும் வலிக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. வலி இறங்கும் காலும், அழுந்தும் நரம்பும், மருத்துவர் கையால் சோதித்துக் கண்ட குறியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வலது காலில் வலி இருக்க, இடப்பக்க நரம்பு அழுந்துவதாகப் படம் காட்டினால் அந்தப் படம் நம் வலியை விளக்கவில்லை. அறிக்கையின் முடிவில், 'நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற கருத்தில் ஒரு வரியைக் கதிரியல் மருத்துவர்கள் எழுதுவது இதற்காகத்தான். நாம் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

அப்படியானால் அறுவை சிகிச்சை தேவையே இல்லையா? அப்படியும் கூறுவதற்கில்லை. நெதர்லாந்து நாட்டில் கடுமையான கால் நரம்பு வலியுள்ள 283 பேரை இரு பிரிவாக்கி ஆய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை. மறு பிரிவினருக்கு மருந்தும் பயிற்சியும் கொடுத்துக் காத்திருத்தல். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. காத்திருந்தவர்களில் 100-க்கு 39 பேர் பின்னர் அறுவை செய்து கொண்டார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே பெரும்பாலோருக்கு இது அவசரமாக முடிவெடுக்க வேண்டிய செய்தி அன்று. கேட்டு, யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

எனினும் சில குறிகள் தென்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் பிரியாமல் போதல் அல்லது கட்டுப்பாடின்றிப் பிரிதல். மலம் அடக்க முடியாமை. உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப் போதல். கால் நாளுக்கு நாள் வலுவிழத்தல். இவை கண்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், முன்பு புற்றுநோய் வந்த வரலாறு ஆகியவற்றோடு முதுகுவலி சேர்ந்திருந்தாலும் அலட்சியம் கூடாது. நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பையும் தாக்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தொலைவு சுருங்கிய கதை

எளாவூரிலிருந்து சென்னை 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். நடக்க முடியாத நோயாளியை மின்சார ரயிலில் ஏற்றி இறக்கி, ஒரு நாள் கூலியை இழந்து, ஒவ்வொரு மருத்துவமனையாக அலைவது எளிதன்று. ஆனால் நோயாளி போக முடியாத இடத்துக்கு அவருடைய படம் போக முடியும்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி நிகழ்ச்சி உண்டு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமம் இருக்கிறது. அப்போலோ மருத்துவமனையை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டி பிறந்த ஊர் அது. அங்கே அமைக்கப்பட்ட மருத்துவமனையைத் தொலைத்தொடர்பு மூலம் சென்னையிலுள்ள வல்லுநர்களோடு இணைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், இந்தியாவுக்கு வருகை தந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அதனைத் தொடங்கி வைத்தார். கிராமத்தில் எடுத்த படத்தைச் சென்னை மருத்துவர் தம் அறையிலிருந்தே பார்க்கும் நிலை அன்று ஏற்பட்டது. அதை அடுத்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் செயற்கைக்கோள் வழியே தொலைதூர மருத்துவமனைகளை நகரத்து மருத்துவமனைகளுடன் இணைத்தது. சென்னை சங்கர நேத்ராலயா 2003 முதல் செயற்கைக்கோள் வசதி பொருத்திய பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பி, கண்களின் படங்களைச் சென்னையிலிருந்தே ஆய்ந்தது.

2002-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம், அமெரிக்காவில் இரவாக இருக்கும் வேளையில் அங்கு எடுக்கப்பட்ட அவசர ஸ்கேன்களை இங்கிருந்து படித்து அறிக்கை அனுப்பியது. அங்கே இரவென்றால் இங்கே பகல் அல்லவா? அமெரிக்க நோயாளியின் படத்தை இந்திய மருத்துவர் படித்துச் சொல்லும் காலத்தில், எளாவூர் நோயாளியின் படத்தைச் சென்னை மருத்துவரோ வேலூர் மருத்துவரோ மும்பை மருத்துவரோ படித்துச் சொல்வதில் என்ன தடை இருக்கிறது?

எப்போது கேட்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் இரண்டாம் கருத்து தேவையில்லை. சளிக்கு எடுத்த எக்ஸ்ரேயை ஊர் ஊராக அனுப்புவது வீண். பின்வரும் வேளைகளில் கேட்பது நன்று.

1. புற்றுநோய் என்றோ, புற்றுநோயாக இருக்கலாம் என்றோ அறிக்கை கூறும்போது.

2. மூளை, முதுகெலும்பு, இதயம் போன்ற உறுப்புகளில் பெரிய அறுவை சிகிச்சை செய்யச் சொல்லும்போது.

3. படம் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்லும்போது. அதாவது, வலியும் அறிக்கையும் பொருந்தாதபோது.

4. இரண்டு நிலையங்களில் எடுத்த ஸ்கேன்கள் இரண்டு விதமாகக் கூறும்போது.

5. சிகிச்சை தொடங்கிப் பல வாரங்களாகியும் முன்னேற்றம் இல்லாதபோது.

கேட்கக் கூடாத வேளைகளும் உண்டு. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், தலையில் அடிபடுதல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அங்கே, "படத்தை அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்று நேரத்தைப் போக்கினால் அது உதவியாகாது, உபத்திரவமாகும். நெடுஞ்சாலை ஓரத்தில் வாழும் நம் மக்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. பணத்துக்காக அங்கே தயங்க வேண்டியதில்லை.

எதை அனுப்ப வேண்டும்?

நம் கதையில் வரும் தம்பி அன்போடுதான் கேட்டார். ஆனால் ஜன்னலில் பிடித்த பிலிமின் புகைப்படம் எந்த வளைகுடா மருத்துவருக்கும் போதாது. காரணத்தைக் கேளுங்கள். ஓர் எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. பிலிமில் அச்சாவது அவற்றில் ஒரு பகுதியே. மூலப் படத்தைக் கணினியில் இட்டால், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், எலும்புக்கு ஒரு விதமாகவும் நுரையீரலுக்கு ஒரு விதமாகவும் மாற்றிப் பார்க்கலாம். கட்டியின் அளவைக் கணக்கிடலாம். பிலிமில் இவை இயலா. கைப்பேசியில் அனுப்பும்போது படம் மேலும் சுருங்கி நுட்பங்கள் மறைந்து விடுகின்றன.

உலகெங்கும் ஸ்கேன் இயந்திரங்கள் படங்களைச் சேமிப்பதற்கு 'டைகாம்' என்ற பொது அமைப்பு முறை 1993-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த ஊரில் எடுத்த படத்தையும் எந்த ஊர் மருத்துவரும் முழுமையாகத் திறந்து பார்க்க முடிவது இதனால்தான். ஆகவே ஸ்கேன் நிலையத்தில் பிலிமையும் அறிக்கையையும் வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். "படங்கள் முழுவதையும் டைகாம் முறையில் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கொடுங்கள்" என்று கேளுங்கள். இப்போது பல நிலையங்கள் இணைய இணைப்பாகவும் அனுப்புகின்றன. அன்றே கேட்பது சிறப்பு. நாள் கடந்தால் சில இடங்களில் படங்களைக் கணினியிலிருந்து நீக்கியிருக்கக் கூடும். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர், தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. கெஞ்ச வேண்டியதில்லை; அது உங்கள் உரிமை.

படங்களோடு ஒரு தாளில் இவற்றையும் எழுதி அனுப்புங்கள்: வயது, செய்யும் வேலை, நோய் தொடங்கிய நாள், வலி எங்கே தொடங்கி எங்கே செல்கிறது, முன்பு செய்த அறுவைகள், சர்க்கரை, இரத்த அழுத்தம், உண்ணும் மருந்துகள், முதல் அறிக்கையின் நகல், பழைய ஸ்கேன்கள் இருந்தால் அவையும். பழைய படம் பொன்னைப் போன்றது. ஐந்தாண்டுகளுக்கு முன்பும் அதே அளவில் இருந்த ஒரு முடிச்சு, புதிதாகத் தோன்றிய முடிச்சைப் போன்றதன்று. வெறுமனே 'இதைப் பாருங்கள்' என்று எழுதாமல், உங்கள் ஐயத்தைக் கேள்வியாகவே எழுதுங்கள்: 'இந்தப் பிதுக்கம் என் இடது கால் வலியை விளக்குகிறதா? இப்போதே அறுவை தேவையா? காத்திருந்தால் என்ன ஆபத்து?'

ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றுக்கு எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இதற்கு முழுமையாகப் பொருந்தாது. கருவியை நகர்த்திக் கொண்டே மருத்துவர் நேரில் பார்ப்பது அது. அச்சிட்டுத் தரும் சில படங்களைக் கொண்டு இன்னொருவர் முழு முடிவு கூற முடியாது. வேறொரு மருத்துவரிடம் மீண்டும் எடுத்துக் கொள்வதே சரி. அதில் கதிர்வீச்சு இல்லை. சி.டி. ஸ்கேன் அப்படியன்று. அதில் மார்பு எக்ஸ்ரேயைக் காட்டிலும் பன்மடங்கு கதிர்வீச்சு உண்டு. எனவே அதை மறுபடியும் எடுப்பதைவிட, எடுத்த படத்தை இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பது உடலுக்கும் பணத்துக்கும் நல்லது.

யாரிடம் கேட்பது?

இணையத்தில் கடை விரித்திருக்கும் எல்லோரும் மருத்துவர்கள் அல்லர். தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அதன்படி, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே தொலைவழி ஆலோசனை வழங்கலாம். அவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும்; வாங்கும் கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். கணினியில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு தானாக நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ அந்நெறிமுறைகள் இடம் தரவில்லை. கைப்பேசியிடம் கேட்டு அறுவையை ஒத்திப் போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மேலும் இந்நெறிமுறைகள் இந்தியாவுக்கு வெளியே உள்ள மருத்துவர்களுக்குப் பொருந்தா. வெளிநாட்டு மருத்துவர் கூறுவது தவறாகப் போனால் இங்கே முறையிட வழி கடினம்.

மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், தேசிய மருத்துவ ஆணையம் ஆகியவற்றின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். படத்தைப் படிப்பவர் கதிரியலில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.எம்.ஆர்.டி. பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். அறிக்கை எழுத்தில், கையொப்பத்தோடு வர வேண்டும். வாய்ச் சொல் போதாது.

கதிரியல் மருத்துவரின் கருத்து பாதிதான். 'அறுவை வேண்டுமா?' என்பதற்கு விடை கூற வேண்டியவர், நோயாளியைச் சோதித்துப் பார்க்கும் அத்துறை வல்லுநரே. பணமில்லாதவருக்கும் வழி அடைபடவில்லை. சிப்காட் தொழிலாளர்களில் பலர் இ.எஸ்.ஐ. அட்டை உடையவர்கள். 2017-இல் அதற்கான சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அட்டை இருந்தும் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் தனியார் மருத்துவமனையில் நகையை இழப்போர் உண்டு. சென்னையில் அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. ஸ்டான்லி மருத்துவமனையிலும், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவைத் துறைகள் உள்ளன. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. நிலையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே அரசு மருத்துவரிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 2020 ஏப்ரல் முதல் பொதுமக்களுக்கு அது திறந்து விடப்பட்டது. எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும் என்று அறிய அது நல்ல முதற்படி.

புற்றுநோய்க்கென்றே தனி வழி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், அதனோடு இணைந்த தேசிய புற்றுநோய்க் கட்டமைப்பும் 'நவ்யா' என்ற அமைப்பின் வாயிலாக இணையவழியில் வல்லுநர் கருத்தை எழுத்து மூலம் வழங்குகின்றன. ஸ்கேனும் திசுப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்து அனுப்பினால், எந்தச் சிகிச்சை பொருத்தம் என்று கூறுகிறார்கள். சென்னையில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

சகோதரிகளுக்குச் சில சொற்கள்

மார்பில் ஒரு கட்டி தென்பட்டால், ஆண் மருத்துவரிடம் காட்ட வேண்டுமே என்று கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நோய் அந்த மாதங்களில் காத்திருப்பதில்லை. ஸ்கேன் எடுப்பவரும் அறிக்கை எழுதுபவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நேரம் குறித்துக் கொள்ளலாம். இரண்டாம் கருத்துக்கு அனுப்பும்போதோ, மருத்துவர் காண்பது உள்ளுறுப்பின் கறுப்பு வெள்ளைப் படத்தையே. கூச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

அந்தப் படம் ஓர் அமானிதமும் கூட. அதில் பெயரும் வயதும் பதிந்திருக்கின்றன. 'யாராவது டாக்டர் இருந்தால் பாருங்கள்' என்று உறவினர் குழுவிலும் ஊர்க் குழுவிலும் அதைப் பரப்பாதீர்கள். ஒரு பெண்ணின் கருப்பை ஸ்கேன் நூறு கைப்பேசிகளில் உலவ வேண்டிய அவசியம் என்ன? மருத்துவர் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் கேட்காத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: கருவுற்ற பெண்ணின் ஸ்கேனை அனுப்பி, 'ஆணா பெண்ணா?' என்று கேட்பது இந்த நாட்டில் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்பவருக்கும் தண்டனை; கேட்பவருக்கும் தண்டனை. இரண்டாம் கருத்து என்ற போர்வையில் அதைக் கேட்பவர்கள் தம் மனச்சாட்சிக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இருவரும் வேறுவேறாகச் சொன்னால்?

பலர் அஞ்சுவது இதற்குத்தான். "ஒருவர் அறுவை என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். குழப்பம் கூடிவிட்டதே!" என்பார்கள். நமக்குப் பிடித்த கருத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்வது இதற்குத் தீர்வாகாது. மூன்றாவது, நான்காவது என்று போய், நாம் கேட்க விரும்பியதைச் சொல்லும் மருத்துவர் கிடைக்கும் வரை அலைவதும் நோயை வளர்ப்பதே.

இரண்டாம் அறிக்கையை எடுத்துக் கொண்டு முதல் மருத்துவரிடமே செல்லுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, உங்கள் மீது நம்பிக்கை இல்லாமல் அன்று, பெரிய செலவு என்பதால் இன்னொருவரிடமும் காட்டினோம். அவர் இப்படி எழுதியிருக்கிறார். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை விளக்குவார். சில வேளை தம் கருத்தை மாற்றிக் கொள்வார். சில வேளை ஏன் மாற்ற முடியாது என்று காரணம் காட்டுவார். இரண்டுமே உங்களுக்கு லாபம். கேள்வி கேட்டதற்காகவே சீறி விழுபவராயின், அதுவும் உங்களுக்கு ஒரு விடைதான்.

இரண்டு கருத்தும் ஒன்றாக, 'அறுவை தேவை' என்றே வந்தால்? அப்போதும் கேட்டது வீணாகவில்லை. இனி ஐயமின்றி, மன உறுதியோடு அறுவைக்குச் செல்லலாம். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா, இ.எஸ்.ஐ.யில் வழியுண்டா என்று விசாரித்த பிறகு, கடைசியாகவே நகையைப் பற்றி எண்ணலாம்.

மீண்டும் அந்த எளாவூர் வீட்டுக்குச் செல்வோம். கணவர் படுத்திருக்கிறார். மனைவி கையில் பிலிம் உறை. அவர் இன்று செய்ய வேண்டியவை மிகச் சில. கணவரிடம், "சிறுநீர் சரியாகப் போகிறதா? கால் வலுவிழந்து வருகிறதா?" என்று கேட்க வேண்டும். ஆபத்துக் குறி ஒன்றிருந்தாலும் இன்றே மருத்துவமனை. இல்லையென்றால், நாளைக் காலை ஸ்கேன் நிலையத்துக்குப் போய் மூலப் படங்களைக் குறுந்தகட்டில் வாங்க வேண்டும். பெட்டியில் கிடக்கும் இ.எஸ்.ஐ. அட்டையை வெளியே எடுக்க வேண்டும். தம்பியிடம், "படத்தைக் குழுவில் போடாதே, தகுதியுள்ள மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடு" என்று சொல்ல வேண்டும். பின்பு இறைவனிடம் துஆச் செய்துவிட்டு, வரும் விடைக்காகச் சில நாள் பொறுத்திருக்க வேண்டும்.

அதுவரை அந்த நகை கழுத்திலேயே இருக்கட்டும்.